கேமரா இல்லாத படங்களை மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில், பொது மண்டபத்துச் சுவரில் சயனோடைப் படங்களை, அதாவது கேமரா இல்லாமல் வெயிலில் நீலமாகப் பதிக்கும் படங்களை, மாட்டினால் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எக்ஸ்ரேயா?" அதற்குப் பயந்து படத்துக்குக் கீழே ஒரு பக்கத்துக்கு விளக்கம் ஒட்டுவதுதான் பெரிய தவறு. 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் இந்த முறையைக் கண்டுபிடித்தார், அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதிக்கத் தொடங்கினார் என்பதெல்லாம் இரண்டு வரி போதும்.

அதைவிட, பதித்த அதே கித்தா (ரப்பர்) இலையைப் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளில் இலையை வைத்து வெயில் காட்டி, தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் நீலம், இலை மறைத்த இடம் வெள்ளை. மூன்று சிற்றிலையும் காம்பும் அசல் அளவிலேயே விழுந்திருக்கும். அளவு ஒன்றுதான் என்று தெரிந்ததும் ஆட்கள் தாமாகவே கிட்டே போய்ப் பார்ப்பார்கள். தாளோடு ஒட்டிக் கிடந்த ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் இருக்கும். காம்பு தூக்கிக்கொண்ட இடத்தில் விளிம்பு கரைந்து மங்கும். இந்த மங்கலைப் பிசகு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தாளைத்தான் வாசலுக்கு நேரே மாட்ட வேண்டும். இலைக்கும் தாளுக்கும் நடுவே இருந்த இடைவெளி வேறெங்கே தெரியப்போகிறது?

அப்புறம் வெளிச்சம். பிற்பகல் வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் நீலம் வெளுக்கும். சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) போதும். வெளுத்தாலும் பதற வேண்டாம், இருட்டில் வைத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். ஆனால் லூமன் படத்துக்கு, அதாவது கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாளில் பொருளை வைத்து வெயில் காட்டி எடுக்கும் படத்துக்கு, ஃபிக்ஸ் செய்யாவிட்டால் (ரசாயனத்தால் நிலைப்படுத்தாவிட்டால்) அந்தச் சலுகை கிடையாது. மண்டப விளக்கிலேயே மேலும் மாறிக்கொண்டிருக்கும். அதை ஸ்கேன் செய்து பிரதியை மாட்டுங்கள்.

கண்ணாடிச் சட்டத்திலும் கவனம் தேவை. கருநீலத்தின் மேல் கண்ணாடி என்றால், பார்க்கிறவர் காண்பது தன் முகத்தையும் டியூப் லைட்டையும்தான். எதிர்ச்சுவர் விளக்கை அணைத்தாலே பாதி சரியாகும். கண்ணாடியே இல்லாமல் மாட்டினால் பிள்ளைகள் தொடாமல் விடமாட்டார்கள். தொடுவதற்கென்றே ஒரு தாளை மேசையில் போட்டுவிடுங்கள்.

படத்துக்குப் பின்னால் வைக்கும் அட்டை வாங்கும்போது காரம் சேர்த்ததா என்று கேளுங்கள். மற்றப் படங்களுக்கு அது நல்லது, சயனோடைப்புக்கு ஆகாது, நீலத்தை அரித்துவிடும். சோப்பு நீரும் அப்படியே.