மத்தியானச் சாப்பாட்டில் என்னென்ன சத்து? நீங்களே கணக்குப் போடலாம்

சத்துகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் அடுத்த வாரமே மறந்துபோகும். ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்துவைத்து, எது உடம்புக்குள் போய் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் மனதில் நிற்கும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் சாதாரணமாக இருப்பதையே எடுத்துக்கொள்வோம்: சோறு, நெய்யோடு பருப்பு, வெண்டைக்காய் மண்டி என்கிற புளிக்குழம்பு, முருங்கைக்கீரைத் துவட்டல், மோர். ஒரு தாள், பேனா, சமையலறைத் தராசு போதும்.

படி 1: அரிசியை நிறுத்துக்கொள்ளுங்கள்

உலையில் போடுமுன் ஆளுக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி, பெரும்பகுதி மாவுச்சத்து. மெல்லும்போதே எச்சிலில் உள்ள நொதி (என்சைம்) அதை உடைக்கத் தொடங்கிவிடும். சிறுகுடலில் குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கும். தசை போன்ற இடங்களுக்குள் அது போய்ச் சேர இன்சுலின் வேண்டும். உடனே செலவாகாதது கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேரும், அங்கேயும் இடமில்லை என்றால் கொழுப்பாக மாறும்.

கவுனி அரிசிக்கு மாறினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. தவிடு நீக்காத அரிசி என்பதால் நார்ச்சத்து கூடுதல்தான். ஆனால் நம் ஊரில் கவுனியைச் சர்க்கரை, தேங்காய், நெய் போட்டல்லவா சாப்பிடுகிறோம்? அதை இனிப்புக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

படி 2: பருப்பைக் கணக்கில் சேருங்கள்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். 30 கிராம் துவரம்பருப்பில் கிடைப்பது 6 அல்லது 7 கிராம், ஒரு முட்டையிலும் கிட்டத்தட்ட அதே அளவு. 100 கிராம் அரிசியிலிருந்து இன்னொரு 7 கிராம்.

புரதம் வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாக உடையும். அவற்றைக் கொண்டுதான் உடம்பு தசை, தோல், நொதி எல்லாம் கட்டுகிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் என்ற இன்னொன்று குறைவு, அரிசி அதை ஈடுகட்டும். பருப்புஞ்சோறு நல்ல ஜோடி என்பது இதனால்தான். சும்மா ரெண்டு கரண்டி தெளிவான சாம்பாரைப் பருப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

படி 3: எண்ணெய், நெய்

கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயே 120 கலோரிக்கு வந்துவிடும். அதற்காக அடியோடு நிறுத்த வேண்டாம். கீரையில் உள்ள கரோட்டினை (வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) உடம்பு உறிஞ்சக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

படி 4: மண்டியும் கீரையும்

மண்டிக்கு அரிசி களைந்த தண்ணீரைத்தான் ஊற்றுவோம், முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவதை. வைட்டமின் பி1 தண்ணீரில் கரையும், அரிசி களையும்போது அதில் ஒரு பங்கு போய்விடும். முதல் படியில் பார்த்த குளுக்கோஸிலிருந்து சக்தி எடுக்க உடம்புக்கு வேண்டியதும் இந்த பி1தான். ஆக, சோற்றிலிருந்து போனதில் கொஞ்சம் குழம்பு வழியாகத் தட்டுக்கே திரும்புகிறது. கொதிக்கும்போது ஓரளவு அழியும், ஆனால் புளிப்பில் பி1 சற்றுத் தாக்குப்பிடிக்கும். கூடவே மொச்சை போட்டால் புரதமும் நாரும் லாபம்.

கீரையில் உள்ள இரும்புச்சத்து ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்குப் போகிறது. செடிவழி இரும்பு சுலபமாக உடம்பில் ஒட்டாது. துவட்டலை இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் அதன் வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் நேர்மாறு, அதை நாலு மணிப் பலகாரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மோரில் சுண்ணாம்புச்சத்தும் கொஞ்சம் பி12-உம் உண்டு. சைவக்காரர்களுக்கு பி12 பெரும்பாலும் பால், தயிர், மோர் வழியாகத்தான் கிடைக்கும், அதனால் மோரை விடாதீர்கள்.

படி 5: ஒரே ஒரு மாற்றம்

அரிசியில் 25 கிராம் குறைத்து, பருப்பில் 25 கிராம் கூட்டுங்கள். கலோரி ஏறக்குறைய அதேதான், புரதம் மட்டும் கிட்டத்தட்ட 4 கிராம் ஏறும். ஒரு வாரம் இப்படிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டின் கணக்குக்குப் போகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பருப்பைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.