ஃபைபர் படகில் பழைய ஸ்டிக்கர் பசை: தேய்க்க வேண்டாம், ஊறவிடுங்கள்

படகின் முன்பக்கமான அணியத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் சாமி படமோ தலைவர் படமோ, நாலைந்து வருஷம் வெயில் பட்டால் முழுசாக உரிந்து வராது. வினைலை வளைய வைக்கும் இளக்கிப் பொருள் வெளியேறிவிடுவதால் அது அப்பளம் மாதிரி நொறுங்கி, நகத்தளவு துண்டுகளாகத்தான் பெயரும். பசை மட்டும் படகிலேயே நின்று, தூசியும் உப்பும் சேர்ந்து கருத்துப்போகும். இதைப் பார்த்ததும் பலர் கை தின்னர் டப்பாவுக்குத்தான் போகிறது. படகு கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

கை வைக்கும் முன் ஒன்று தெரிய வேண்டும்: மேலே இருப்பது ஜெல் கோட்டா (ஃபைபர்மேல் வரும் நிறமுள்ள வெளிப்பூச்சு), அதன்மேல் அடித்த பெயிண்டா? கண்ணில் படாத மூலையில் வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு தின்னர் விட்டுப் பத்து விநாடி தேயுங்கள். துணியில் நிறம் ஏறி, தேய்த்த இடம் பிசுபிசுத்தால் அது சாதாரண எனாமல். தின்னரையும் அசிட்டோனையும் அந்தப் படகில் மறந்துவிடுங்கள். லேசான நிறத்தூள் மட்டும் ஒட்டி, இடம் கெட்டியாகவே இருந்தால் வெயிலில் வெளுத்த ஜெல் கோட்டாக இருக்கும். அது நன்றாக இறுகிய பாலியஸ்டர். அசிட்டோன் துணியால் ஒருமுறை துடைத்தால் தாங்கும், ஊறவிட்டால் பளபளப்பு போகும். இன்ஜின் மூடி, கண்ணாடிக்குப் பதிலாகப் போட்ட அக்ரிலிக் ஆகிய பிளாஸ்டிக் பகுதிகளில் இவை இரண்டுமே கூடாது. அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்பு விடும்.

முதலில் ஸ்டிக்கர் தோல். அதற்குச் சூடு வேண்டும். படகு கரையில் கிடந்தால் காலை பத்து மணி வெயிலே போதும்; நிழலில் என்றால் முடி உலர்த்தும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். கையை வைத்தால் சுட வேண்டும், ஆனால் வைத்திருக்க முடிய வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் ஜெல் கோட் இளகும். ஹீட் கன் ஒரே இடத்தில் நின்றால் கொப்புளமே கிளம்பிவிடும். பெட்ரோல் டேங்கையும் குழாயையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் இந்த வேலை. சூடான ஓரத்தைப் பிளாஸ்டிக் பட்டித் தகடால் கிளப்பி, மெல்ல இழுங்கள். மெல்ல இழுத்தால் பசையும் கூடவே வரும், வெடுக்கென்று இழுத்தால் பசை படகோடு தங்கிவிடும். இரும்புக் கத்தி வேண்டாம். ஜெல் கோட்டின் கனமே சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

அடுத்தது பசை. பலாப்பழம் நறுக்கிய கையை யாரும் சோப்பு போட்டுத் தேய்ப்பதில்லை, எண்ணெய் தடவுகிறோம். இங்கேயும் அதே கதைதான்: எண்ணெய்ச் சத்துள்ள திரவம் உள்ளே இறங்கினால் பசை உப்பிப் பிடியை விடும். அதற்கு நேரம் வேண்டும், பலம் வேண்டாம். கரையில் கைக்கெட்டும் மண்ணெண்ணெயே நல்ல மருந்து. செங்குத்தான பக்கத்தில் ஊற்றினால் வழிந்தோடிவிடும் என்பதால் பனியன் துணியை நனைத்துப் பசைமேல் அப்பி, பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். இரண்டடிக்கு ஓரடி இடத்துக்கு நூறு மில்லி தாராளம். ஜெல் கோட்டில் 20 நிமிடம் விடலாம். எனாமலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். பெயிண்ட் இளகுவது போலத் தெரிந்தால் தேங்காய் எண்ணெய்க்கு மாறுங்கள். ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் பெயிண்டுக்குச் சேதமில்லை. ஊறவிடும் வேலையை நிழலில் செய்யுங்கள். சுடும் படகில் திரவம் பசைக்குள் இறங்கும் முன்பே உலர்ந்துவிடும்.

துணியை எடுத்ததும் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். ஊறிய பசை குழைந்த சோறு மாதிரி சுருண்டு வரும். நூலாக இழுத்தால் இன்னும் ஊறவில்லை, திரும்ப மூடுங்கள். தகடால் வழித்துவிட்டு, மிச்சத்தை வெளியிலிருந்து உள்நோக்கித் துடையுங்கள்; ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கம் வேண்டும். ஒரே துணியை வட்டமாகச் சுற்றினால் கரைந்த பசை ஓரடியிலிருந்து மூன்றடிக்குப் பரவும். கைக்கு நைட்ரைல் உறை போடுங்கள், சாதா ரப்பர் உறை மண்ணெண்ணெயில் உப்பிக் கிழிந்துவிடும்.

பெரிய எழுத்துகள் வரிசையாக இருந்தால், டிரில்லில் மாட்டும், ஸ்டிக்கர் எடுக்கும் ரப்பர் சக்கரம் வேலையைப் பாதியாக்கும். சக்கரத்தில் எழுதியிருக்கும் வேகத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கிள் கிரைண்டரில் மாட்டவே கூடாது. அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும், பசைக்கு முன்னால் படகு கருகும். எனாமல்மேல் இந்தச் சக்கரமே வேண்டாம்.

பசை போனபின் எண்ணெய்ப் படலம் நிற்கும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் இரண்டுமுறை கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: ஒரே படலமாக விரிந்தால் சுத்தம், துளித்துளியாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. அப்படியே புது ஸ்டிக்கரோ நம்பர் பெயிண்டோ போட்டால் ஒரு மழைக்குள் தூக்கிக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய படத்தின் நிழல் தெரியலாம். அது பசை அல்ல, துடைத்தால் போகாது. ஸ்டிக்கர் மறைத்த இடம் பழைய நிறத்திலேயே இருக்க, சுற்றியுள்ள இடம் வெயிலில் வெளுத்திருக்கிறது. ஆகவே தேய்க்க வேண்டியது வெளுத்த பக்கத்தை. ஜெல் கோட் என்றால் 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரை வரிசையாகத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் முடியுங்கள். நிழல் இருக்கும் இடத்தை மட்டும் மெருகேற்றினால் வித்தியாசம் இன்னும் கூடும். படகின் அந்தப் பக்கம் முழுவதும் செய்தால்தான் ஒன்றுசேரும். முனைகளில் கை லேசாக இருக்கட்டும், ஜெல் கோட் முதலில் தேய்ந்து தீர்வது அங்கேதான். எனாமல் என்றால் நிழலோடு மல்லுக்கட்டாமல் அந்தப் பக்கத்துக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதே லாபம்.

கடைசியில் மெழுகு. ஆனால் பதிவு எண் எழுத வேண்டிய இடத்தில் மெழுகைத் தொடாதீர்கள், பெயிண்ட் பிடிக்காது. எழுதி நன்றாகக் காய்ந்தபின் எழுத்தைச் சுற்றி மட்டும் போடுங்கள்.