மிரர்லெஸ்ஸா, பாக்கெட் கேமராவா? வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் நண்பர் ஒருவர் தன் மிரர்லெஸ் கேமராவை விற்றுத் தரச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. லென்ஸைக் கழற்றி, அது மாட்டியிருந்த உலோக வளையத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். லென்ஸை அடிக்கடி மாற்றுகிறவர்களின் கேமராவில் அந்த வளையம் முழுக்க வட்டவட்டமாக மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும். இதில் ஒரு கோடு கூட இல்லை. கடைக்காரர் மாட்டிக் கொடுத்த லென்ஸை அவர் கழற்றவே இல்லை. "ரெண்டு கல்யாணத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். அப்புறம் பை பெருசா இருக்குன்னு வீட்டிலேயே வச்சுட்டேன்" என்றார்.

அவர் வாங்கியது நல்ல கேமராதான். ஆனால் லென்ஸ் மாற்றலாம் என்பதற்காகவே கூடுதல் எடையோடு வருகிற ஒரு பொருளை, லென்ஸே மாற்றாமல் வைத்திருந்தார். இதற்கு நேர்மாறாக, கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று சின்ன கேமராவை வாங்கிவிட்டு, மகளின் அரங்கேற்றத்தில் எடுத்த படமெல்லாம் கலங்கிப்போய் வருத்தப்படுகிறவர்களும் உண்டு. அதனால் என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இரண்டாவது லென்ஸ் ஒன்று வாங்குவீர்களா, மாட்டீர்களா? பணம் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

பெயரில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும், வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி (மிரர்) இருக்கும். அதை எடுத்துவிட்டு, லென்ஸ் மாற்றும் வசதியை மட்டும் வைத்துக்கொண்டதுதான் மிரர்லெஸ். 2008இல் வந்த பானசோனிக் ஜி1 இந்த வரிசையைத் தொடங்கிவைத்த மாடல்களில் ஒன்று. பாக்கெட் கேமராவிலும் கண்ணாடி கிடையாதுதான். ஆனால் அதன் லென்ஸ் உடம்போடு ஒட்டியது, கழற்ற முடியாது. பேச்சு வழக்கில் அதை காம்பேக்ட் என்கிறோம். பேன்ட் பாக்கெட்டில் போகிற அளவுக்குச் சிறியதை அல்ட்ரா காம்பேக்ட் என்கிறார்கள்.

உடம்பைப் பார்த்து வாங்குவது

இதுதான் மிகப் பெரிய தவறு. "மிரர்லெஸ்ஸில் சென்சார் பெரிசு, அதனால் படம் நன்றாக வரும்" என்பார்கள். சென்சார் பெரிது என்பது உண்மை. பல மிரர்லெஸ்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சார் சுமார் 23க்கு 15 மி.மீ. நல்ல பாக்கெட் கேமராக்களில் இருக்கும் 1 இன்ச் வகை சென்சார் 13.2க்கு 8.8 மி.மீ. (பெயர்தான் 1 இன்ச். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்து வந்த கணக்கு அது. சென்சாரின் மூலைக்கு மூலை நீளம் 16 மி.மீ. கூட வராது.) ஆனால் சென்சார் வெறும் பாத்திரம்தான். அதில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது லென்ஸின் கையில் இருக்கிறது.

நிஜ மாடல்களை வைத்தே பார்ப்போம். கேனான் ஆர்50 ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட மிரர்லெஸ். அதோடு சேர்த்தே (கிட்டாக) விற்கும் 18-45 மி.மீ. லென்ஸ், அகலக் கோணத்தில் எஃப்/4.5, ஜூம் செய்தால் எஃப்/6.3. (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும்.) அதே கேனானின் ஜி7எக்ஸ் மார்க் 3 பாக்கெட் கேமராவில் 1 இன்ச் சென்சார், லென்ஸ் எஃப்/1.8 முதல் எஃப்/2.8 வரை. ஆர்50இன் சென்சார் பரப்பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரியது. ஆனால் எஃப்/4.5ஐ விட எஃப்/1.8 ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் ஆறு மடங்குக்கும் மேல் வெளிச்சம் தருகிறது. பெருக்கிக் கழித்தால், அகலக் கோணத்தில் அந்தக் குட்டி கேமராவுக்குள் மொத்தமாக இரண்டு மடங்கு வெளிச்சம் போகிறது. ஜூம் முனையிலும் அதன் கைதான் ஓங்கி நிற்கும். எடையோ 304 கிராம். ஆர்50 கிட் லென்ஸோடு 500 கிராம் தாண்டும், லென்ஸ் முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதால் எந்தப் பாக்கெட்டிலும் போகாது.

சரி, இப்போது அதே ஆர்50இல் கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டுங்கள். 160 கிராம்தான் எடை, கேனான் வரிசையில் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. அதே கோணத்துக்கு பாக்கெட் கேமராவை ஜூம் செய்தால் அது எஃப்/2.8இல் நிற்கும். மிரர்லெஸ்ஸுக்கு ஏழு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். கார்த்திகை அன்று திண்ணையில் அகல் ஏற்றும் அம்மாவின் முகத்தை, அந்தத் தீபத்தின் வெளிச்சத்தில் மட்டுமே எடுக்கலாம். புருவ முடி தனித்தனியாகத் தெரியும், பின்னால் இருக்கும் விளக்குகள் மங்கிய வட்டங்களாக மாறும். மிரர்லெஸ் வாங்குவதே இதற்காகத்தான். கிட் லென்ஸோடு நிறுத்திவிட்டால் இந்தப் படம் கிடைக்காது.

ஆக, கிட் லென்ஸ் ஒன்றோடே காலம் தள்ளப் போகிறீர்கள் என்றால், மிரர்லெஸ்ஸின் எடையைச் சுமந்துகொண்டு பாக்கெட் கேமராவை விடக் குறைவான வெளிச்சத்தில் படம் எடுக்கிறீர்கள். பட்ஜெட் போடும்போதே இரண்டாவது லென்ஸையும் சேர்த்துப் போடுங்கள். பணம் பத்தவில்லை என்றால் கிட் லென்ஸை விட்டுவிட்டு, உடம்பையும் ஒரு நல்ல லென்ஸையும் மட்டும் வாங்குவது மேல். பழைய மாடல் உடம்பாக இருந்தாலும் பரவாயில்லை.

சின்னதெல்லாம் ஒன்று என்று நினைப்பது

பாக்கெட் கேமராக்களுக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. விலை குறைந்தவற்றில் இருப்பது 1/2.3 இன்ச் வகை சென்சார். சுமார் 6க்கு 4.5 மி.மீ., சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். இன்றைய பல ஃபோன்களின் முதன்மை சென்சார் பரப்பில் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு கேமராவை வாங்கினால், பெரும்பாலான படங்களில் ஃபோனே ஜெயிக்கும். நிஜமான ஆப்டிகல் ஜூம் வேண்டும், தண்ணீருக்குள் எடுக்க வேண்டும் என்பது போன்ற தெளிவான காரணம் இருந்தால் வாங்கலாம்.

இன்னொரு வகை இருக்கிறது. கேள்விப்படாத பெயரில், 48 மெகாபிக்ஸல், 16 எக்ஸ் டிஜிட்டல் ஜூம் என்று போட்டு ஆன்லைனில் சில ஆயிரத்துக்கு விற்பவை. உள்ளே இருப்பது மிகச் சிறிய சென்சார். அது எடுக்கும் படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கி அந்த மெகாபிக்ஸல் எண்ணைக் காட்டுகிறார்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான். பிறந்தநாளுக்குக் கேமரா கேட்ட பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுத்து, அதன் ஆர்வமே அணைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வாங்காதீர்கள். அதே பணத்துக்குப் பத்து வருடப் பழைய நல்ல கம்பெனி கேமரா ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் அது எவ்வளவோ மேல்.

மறுபக்கத்தில், ரிகோ ஜிஆர் 3 போன்ற ஒரு கேமராவும் இருக்கிறது. 257 கிராம் உடம்புக்குள் ஏபிஎஸ்-சி சென்சார், மிரர்லெஸ்ஸில் இருக்கிற அதே அளவு. ஜூம் கிடையாது, ஃபிளாஷ் கிடையாது, 28 மி.மீ. அகலக் கோணம் ஒன்றுதான். தெருவில் நடந்தபடி படம் எடுப்பவர்களுக்கு அது போதும். கொண்டைக்குருவி எடுக்க நினைப்பவர் அதை வாங்கிவிட்டுத் திட்டக் கூடாது.

சிசிடி என்ற பழைய வகை சென்சார் கொண்ட கேமராக்களின் நிறத்துக்காக 2005, 2006 மாடல்களைத் தேடுகிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த நிறம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் மெமரி கார்டைப் பற்றி முதலில் கேளுங்கள். எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக் என்று இப்போது கடையில் கிடைக்காதவற்றை அவற்றில் சில கேட்கும். எஸ்டி கார்டு போடுகிறவற்றிலும் பல 2 ஜிபிக்கு மேல் படிக்காது.

வாங்கிய பிறகு தெரியவருபவை

வெயில். சித்திரை மாதத்து மதியம் தேர் பார்க்கப் போய் நின்றால், பின்பக்கத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லாத கேமராவில் குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். ஜி7எக்ஸ்ஸிலும் ஜிஆரிலும் வியூஃபைண்டர் கிடையாது. சோனி ஆர்எக்ஸ்100 ஏழாவது மாடலில் மேலே எழும்பி வரும் சின்ன வியூஃபைண்டர் உண்டு. ஏசி போட்ட கடைக்குள் கேமராவைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது இது தோன்றவே தோன்றாது. வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு படம் எடுத்துப் பார்க்கக் கேளுங்கள்.

அதே வெயிலில் பாக்கெட் கேமராவுக்கு ஒரு பெரிய பலமும் உண்டு, பலருக்கு அது தெரியாது. அதன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால், 1/1000 நொடி வேகத்திலும் ஃபிளாஷ் அடிக்கலாம். பெரும்பாலான மிரர்லெஸ்ஸில் சாதாரண ஃபிளாஷ் 1/160, 1/200, 1/250 அளவிலேயே நின்றுவிடும். உச்சி வெயிலில் கண்குழி கறுத்து விழும் முகங்களை, அந்தத் தம்மாத்துண்டு ஃபிளாஷே சரிசெய்துவிடும்.

நடனம், விளையாட்டு, ஓடும் குழந்தைகள் என்றால் ஃபோகஸ் வேகம் முக்கியம். இதில் மிரர்லெஸ் தெளிவாக முன்னால் நிற்கிறது. பாக்கெட் கேமராக்களில் சிலவற்றில்தான் வேகமாக ஃபோகஸ் பிடிக்கும் ஃபேஸ் டிடெக்ட் (phase detect; முகத்தைக் கண்டுபிடிப்பது அல்ல) முறை இருக்கிறது. ஆர்எக்ஸ்100 வரிசையில் 2016இல் வந்த ஐந்தாவது மாடலில் தொடங்கியது அது. ஜி7எக்ஸ் மார்க் 3இல் இல்லை. மண்டபத்து எல்இடி விளக்குகளுக்குக் கீழே சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டு வகைக்கும் இது பொது.

பேட்டரி சின்ன கேமராவில் சீக்கிரம் தீரும். ஜிஆர் 3இல் சுமார் 200 படம்தான். ஒரு பேட்டரி கூடுதலாக வாங்கிவிடுங்கள், விஷயம் முடிந்தது.

தூசியும் பூஞ்சையும்

மிரர்லெஸ்ஸில்தான் லென்ஸ் மாற்றும்போது தூசி போகும், பாக்கெட் கேமரா மூடியே இருப்பதால் பத்திரம் என்று நானும் நம்பியிருந்தேன். பாக்கெட் கேமராவின் லென்ஸ் நீண்டு சுருங்கும்போதெல்லாம் காற்றை உள்ளே இழுக்கிறது. பேன்ட் பாக்கெட்டில் இருக்கிற பஞ்சும் பொடியும் அதோடு போகும். என் கேமராவில் இரண்டாவது வருடம், வானம் வரும் படங்களில் எல்லாம் வலது மேல் மூலையில் மிளகு அளவுக்கு ஒரு சாம்பல் புள்ளி வந்தது. எஃப்/2.8இல் தெரியாது, எஃப்/8க்குப் போனால் பளிச்சென்று தெரியும். மிரர்லெஸ்ஸாக இருந்தால் ரப்பர் பம்பை வைத்து இரண்டு ஊது ஊதினால் போய்விடும். இதற்கு கேமராவையே பிரிக்க வேண்டியதாயிற்று. செகண்ட் ஹேண்டில் பாக்கெட் கேமரா வாங்குகிறவர்கள், லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரை முடிந்தவரை சுருக்கி (எஃப் எண்ணை ஏற்றி) ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பூஞ்சை இரண்டுக்கும் எதிரி. கடற்கரை ஊர்களில் மழைக்காலம் முழுக்கத் தோல் பைக்குள் பூட்டி வைத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. சிலிகா ஜெல்லின் நீல மணிகள் ரோஜா நிறத்துக்கு வெளிறினால் வாணலியில் போட்டு மிதமான சூட்டில் வறுத்தெடுத்தால் திரும்ப நீலமாகும்.

மவுண்டையும் பாருங்கள்

மிரர்லெஸ்தான் என்று முடிவு செய்துவிட்டால், நீங்கள் கேமராவோடு சேர்த்து ஒரு லென்ஸ் குடும்பத்துக்குள் போகிறீர்கள். மவுண்ட் என்பது லென்ஸ் மாட்டும் அந்த வளையத்தின் வகை. நிக்கான் 1 வரிசை 2011இல் வந்து 2018இல் நின்றது. கேனானின் இஎஃப்-எம் 2012இல் வந்து 2023இல் முடிந்தது. இவை இப்போது செகண்ட் ஹேண்டில் கொள்ளை மலிவாகக் கண்ணில் படும். புது லென்ஸ் இனி வராது என்று தெரிந்து வாங்கினால் சரி. சோனி இ, ஃபியூஜி எக்ஸ் இரண்டுக்கும் சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் ஏராளம். கேனான் ஆர்எஃப் மவுண்டின் ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கும் 2024இலிருந்து இந்தக் கம்பெனிகளின் லென்ஸ்கள் வருகின்றன.

என் அண்ணன் மகள் போன மாதம் கேட்டாள், "சித்தப்பா, எனக்கு எதுதான் சரிப்படும்?" ஃபோனில் கடைசியாக எடுத்த 200 படங்களைத் திறந்து பார்க்கச் சொன்னேன். எந்தப் படம் ஒன்று எக்ஸ்ஸில் எடுத்தது, எது ஜூம் செய்தது, எத்தனை படம் இருட்டில், எத்தனையில் ஆள் அசைந்திருக்கிறார் என்று அவளே ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். பாதிக்கும் மேல் அவள் தோழிகளின் நடன ஒத்திகை. ஹாலின் டியூப்லைட்டில், ஜூம் செய்து, கையெல்லாம் புகை போலக் கலங்கிய படங்கள். பழைய மிரர்லெஸ் உடம்பு ஒன்றும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் வாங்கினோம், கிட் லென்ஸ் வாங்கவில்லை. நண்பரின் மிரர்லெஸ் விற்ற பணத்தில் அவருக்கு 1 இன்ச் சென்சார் உள்ள பாக்கெட் கேமரா ஒன்று கிடைத்தது. காலையில் நடைப்பயிற்சி முடித்து டீக்கடையில் நிற்கும்போது எடுத்த படங்களை இப்போது வாரத்துக்கு நாலைந்தாவது அனுப்புகிறார். நேற்று வந்ததில், மாஸ்டர் ஆற்றும் டீயின் நீளமான கோடு குழல்விளக்கு வெளிச்சத்தில் அறுபடாமல் விழுந்திருந்தது.