சவுரி ஏன் நழுவுகிறது? வீட்டில் பின்னிப் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள்

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மேடையில் என் அக்கா மகள் ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாட்டில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றபோது சடை அவளோடு நிற்கவில்லை. இன்னும் கால் வட்டம் போய்த்தான் நின்றது. எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. அடுத்த சுற்றில் சவுரியும் (சடை நீளமாகத் தெரியச் சேர்த்துப் பின்னும் ஒட்டுமுடி) நுனியில் தொங்கும் குஞ்சலமும் சேர்ந்து மேடையில் விழுந்தன. பிள்ளை அதைத் தாண்டித் தாண்டி ஆடி முடித்துவிட்டாள். பின்னிவிட்ட நான்தான் கூட்டத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பின்னலில் ஒரு குறையும் இல்லை. மூன்று காலும் ஒரே பருமன், எங்கும் பிசிறு இல்லை. அவளுக்குத் தோள் வரைதான் முடி. குதிரைவால் போட்டு, அந்த ரப்பர் பேண்டின் மேலேயே சவுரிக் கயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தேன். அதாவது அத்தனை கனத்தையும் ஒரு ரப்பர் பேண்ட் சுமந்தது. ரப்பர் பேண்ட் எதைப் பிடித்திருந்தது? எண்ணெய் தடவிய வழவழப்பான முடியை.

இப்போது காவேரிப்பட்டணத்தில் என்னிடம் பின்னிப் பழக வரும் பெண்களுக்கு முதலில் தராசைத்தான் காட்டுகிறேன். என் சவுரி 110 கிராம். குஞ்சலம் 80. கல் வைத்த ஜடை பில்லை வரிசை 150. பூ வைப்பதற்கு முன்பே 340 கிராம் ஆகிவிட்டது. நம் பக்கத்துக் குண்டுமல்லியைத் தண்ணீர் தெளித்து நெருக்கமாகக் கட்டிச் சுற்றினால் அதற்கு மேலும் ஏறும். விரல் ஒரு வாரத்தில் பழகிவிடும். இந்தக் கனம் தலையில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. கீழே சொல்லப்போகும் தவறுகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகின்றன.

(சவுரி என்பதை ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் ‘சவரம்’ என்பார்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு மாப்பிள்ளையிடம் “பொண்ணுக்கு சவரம் வாங்கணும்” என்று சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்று நான் அடிக்கடி நினைத்துச் சிரிப்பதுண்டு.)

சவுரியைத் தாங்க வேண்டியது முடியே. அதற்கு ஒரு குட்டிப் பின்னல் போதும். தலையை வாரிய பிறகு பிடரிக்குச் சற்று மேலே, மண்டையின் நடுப்பகுதியில், இரண்டு விரல் பருமனுக்கு முடியைத் தனியாக எடுங்கள். அதை மட்டும் வேரோடு ஒட்டி நாலைந்து மடி பின்னிச் சின்ன ரப்பர் போடுங்கள். சவுரியின் தலைப்பில் ஒரு கயிறு இருக்கும். அதை இந்தக் குட்டிப் பின்னலின் முதல் இரண்டு மடிக்கு நடுவே நுழைத்து, ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். பின்னலின் மேடு பள்ளத்தில் கயிறு மாட்டிக்கொள்ளும். நழுவ வழி கிடையாது. பிறகு கொண்டை ஊசி இரண்டை எக்ஸ் மாதிரி குறுக்காகக் குத்துங்கள். இரண்டையும் ஒரே திசையில் குத்தினால் இரண்டும் ஒன்றாகவே உருவிக்கொண்டு வரும். கடைசியில் மீதி முடியை மேலே இறக்கி, மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரியோடும் சவுரியின் ஒரு காலைச் சேர்த்துப் பின்ன வேண்டும்.

கட்டியதும் சவுரியின் நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள். பிள்ளையின் தலை பின்னால் வர வேண்டும், சவுரி கீழே இறங்கக் கூடாது. அதே நேரம் “எங்கே கண்ணு வலிக்குது?” என்று கேளுங்கள். “எங்கேயும் இல்லக்கா, மொத்தமா இழுக்குது” என்றால் சரி. “இந்த இடத்துல சுருக்குனு குத்துதுக்கா” என்று விரலை வைத்துக் காட்டினால் அங்கே பத்து முடி மட்டும் தனியாக மாட்டியிருக்கிறது. பின்னி முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அப்போதே அவிழ்த்துவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் எங்கள் அம்மாவோடு எனக்கு இன்றைக்கும் சண்டைதான். தலை நிறைய எண்ணெய் வைத்து வழித்து வாரினால்தான் அவருக்குச் சடை. வெறும் முடிக்கு அது சரி. சவுரி வைக்கும் நாளில் எண்ணெய் எதிரி. முந்தின நாள் சீயக்காயோ ஷாம்போவோ போட்டு அலசி, நன்றாகக் காய்ந்த முடிதான் பிடித்துக்கொள்ளும். முன்னால் பறக்கும் குட்டி முடிகளுக்குக் கற்றாழை ஜெல் ஒரு துளி போதும். இதற்கு நேர்மாறான தவறு, அவசரத்தில் ஈரத் தலையோடு பின்னுவது. ஈர முடி ஊறி நீண்டிருக்கும், சுலபமாகவும் அறும். காயக் காயப் பின்னல் வேரில் இறுகும், உள்ளே அடைபட்ட ஈரம் மறுநாள் நாற்றம் எடுக்கும்.

நெற்றியோரம்தான் நான் மிகவும் கறாராக இருக்கும் இடம். கண் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கினால்தான் சடை நிற்கும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் பலமாக இருக்கிறது. நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலேயும் இருப்பது மெல்லிய முடி. அதற்குக் கனம் தாங்கத் தெரியாது. பின்னிய அன்று இரவே வேரில் சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பினாலோ, புருவத்தைத் தூக்கினால் வலித்தாலோ, அது ‘புதுச் சடை, பழகிவிடும்’ என்று விடும் விஷயமில்லை. அவிழ்த்துவிட வேண்டியதுதான். இப்படி நாள்கணக்கில் இழுபட்டு முடி கொட்டுவதை மருத்துவர்கள் டிராக்ஷன் அலோபீசியா என்கிறார்கள். இறுக்கமாகக் கட்டும் பழக்கத்தால் கிரீன்லாந்து மக்களின் நெற்றியோரம் வழுக்கையானதை 1907-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் விட்டுவிட்டால் முடி திரும்ப வளரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேரே தழும்பாகி அந்த இடம் அப்படியே நின்றுவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஃபேன்சி டிரஸ் போட்டிக்காக இடுப்பு வரை சவுரி வைக்கக் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கழுத்தளவு முடிக்கு ஒரு முழம் பூ போதும்.

இப்போது கல்லூரிப் பெண்கள் பாக்ஸ் பிரெய்டு கேட்கிறார்கள். தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, செயற்கை இழை சேர்த்துப் போடும் மெல்லிய பின்னல்கள் அவை. வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே ஆரம்பித்துப் பாதியில் என்னிடம் வந்து நிற்பார்கள். அவர்கள் தவறவிடுவது ஒன்றைத்தான்: அந்தக் கலை ஆப்பிரிக்க மக்களுடையது, சுருள் சுருளான அவர்களுடைய முடிக்காகவே வளர்ந்தது. அந்தச் சுருள் செயற்கை இழையைத் தானாகக் கவ்விக்கொள்ளும். நம் முடி நேராக, வழுக்கலாக இருப்பதால் இரண்டாம் நாளே வேரிலிருந்து கழன்று தொங்கும். உடனே வேருக்கு வேர் குட்டி ரப்பர் போட்டு இறுக்குவார்கள். அந்த ரப்பர் முடியை அறுக்கும். ஆசை விடவில்லை என்றால் பின்மண்டையில் மட்டும் நாலு பிரி போட்டுப் பாருங்கள். சொந்த முடியில் மூன்று மடி பின்னிய பிறகே இழையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பாக்கெட் இழையை வாங்கியபடியே போட்டுத் தலை அரிக்கிறது என்று வருகிறவர்கள் நிறைய. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து, இழையை அரை மணி நேரம் ஊறவைத்து, அலசிக் காயவைத்தால் மேல்பூச்சு போகும், அரிப்பும் பெரும்பாலும் அடங்கும். நுனி பிரியாமலிருக்கக் கொதிநீரில் முக்குவார்கள். முக்கும்போது முதுகில் தடித்த துண்டு போடுங்கள், பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம். எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். வேர் தள்ளத் தள்ள மொத்தக் கனமும் அந்தப் புது முடியில் தொங்கும்.

சவுரி வாங்குவதில் இரண்டே தவறுகள்தான். முதலாவது, டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது. ஃபேன்ஸி ஸ்டோரிலோ மாசி மாத மயானக் கொள்ளைத் திருவிழாக் கடையிலோ எங்கே வாங்கினாலும் வெயிலுக்குக் கொண்டுவந்து உங்கள் சடையின் நுனியோடு ஒட்டிப் பாருங்கள். வேர் கறுப்பாக இருக்கும், நுனி வெயில்பட்டுச் செம்பட்டையாகியிருக்கும். சவுரி சேர வேண்டியது நுனியோடு. இரண்டாவது, ‘ஒரிஜினல் முடி’ என்ற பேச்சை நம்புவது. இரண்டு இழையைப் பிடுங்கி, தள்ளி நின்று தீக்குச்சி காட்டினால் தெரிந்துவிடும். மனித முடி பொசுங்கிய நாற்றத்தோடு சுருண்டு, தொட்டால் பொடியாகும். செயற்கை இழை உருகி, கெட்டியான மணி போலத் திரளும்.

அந்த மணியைப் பார்த்த பிறகாவது நெருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். செயற்கைச் சவுரியில் ஸ்ட்ரெய்ட்னர் வைத்தால் ஒட்டிக்கொண்டு பாழாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாம்பிராணித் தூபக்கால் மேல் தலையைச் சாய்ப்பது, குத்துவிளக்கு ஏற்றக் குனியும்போது சடை முன்னால் சரிவது, கல்யாணத்தில் ஹோமகுண்டத்தைச் சுற்றி வருவது, இவை யாருக்கும் நினைவில் வருவதில்லை. உருகிய இழை தோலில் ஒட்டினால் பிய்த்தெடுக்க முடியாது. மணப்பெண்ணுக்குப் பின்னினால் பக்கத்தில் நிற்கும் நாத்தனாரிடமோ தோழியிடமோ சடையை முதுகுப் பக்கமே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.

பின்னிப் பழகுவதற்குக் கண்ணாடி முன் நின்று சொந்தத் தலையில் ஆரம்பிப்பதும் தவறுதான். இடம் வலம் மாறித் தெரியும், பத்து நிமிடத்தில் தோள் கழன்றுபோகும். ஜன்னல் கம்பியில் சவுரியைக் கட்டித் தொங்கவிட்டு, டிவி பார்த்துக்கொண்டே நாலு நாள் பின்னுங்கள். பின்னுகிற கை தலையை விட்டு விலகி வந்தால் சடை தளரும், ஒட்டியே இருந்தால் இறுகும். இது கம்பியிலேயே தெரிந்துவிடும். ஸ்டெப் கட்டிங் செய்த முடியில் பிசிறு நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பிரியிலும் சொந்த முடியை உள்ளே வைத்துச் சவுரி இழையை வெளியே சுற்றினால் அது மறையும். சவுரியின் நுனியைக் கத்தரிக்கோலால் ஒரே கோடாக வெட்டாதீர்கள், விளக்குமாறு மாதிரி ஆகிவிடும்.

அவிழ்ப்பதில் வரும் சேதம் பின்னுவதில்கூட வருவதில்லை. மண்டபத்திலிருந்து நள்ளிரவில் வந்து, தூக்கக் கலக்கத்தில் மேலிருந்து உருவுவார்கள். முதலில் பூ, பிறகு குஞ்சலம், பில்லை. அப்புறம் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பின்னலைப் பிரித்து, ஊசிகளை எண்ணி எடுத்து, கடைசியில்தான் சவுரிக் கயிற்று முடிச்சு. குட்டி ரப்பரை இழுக்காமல் கத்தரித்துவிடுங்கள். இந்த இடத்தில் எண்ணெய் நண்பன். முடிச்சில் இரண்டு சொட்டு விட்டால் இளகும்.

சவுரியையும் அலச வேண்டும். பூ ஈரம், வியர்வையோடு சுருட்டி பிளாஸ்டிக் கவரில் வைத்தால் அடுத்த விசேஷத்துக்குத் திறக்கவே முடியாது. நம் போர் தண்ணீரில் அலசினால் சொரசொரப்பாகும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால்தான் என்று சிலர் சொல்வார்கள். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது அந்த ஃபுளோரைடுக்காகத்தான். ஆனால் அது பல்லையும் எலும்பையும் தாக்குவது. முடியைக் கெடுப்பது உப்புத் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ போதும். நிழலில் தொங்கவிட்டுக் காயவைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

போன மாதம் ஒரு பெண் பாக்ஸ் பிரெய்டை நாலு வாரம் கழித்து அவிழ்த்துவிட்டுக் கை நிறைய முடியோடு அழுதுகொண்டே வந்தாள். “எல்லாம் போச்சுக்கா.” உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். எல்லோருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும். பின்னலுக்குள் இருந்ததால் கீழே விழ வழியில்லை. 28 நாளைக்கு 1400 முதல் 2800. கையிலிருந்த முடியை விரித்துப் பார்த்தோம். பெரும்பாலும் முழு நீளம், ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ். தானாக உதிர்ந்த முடிதான். பாதியில் அறுந்த துண்டுகள் ஓரமாகக் கொஞ்சம் இருந்தன. அவை எங்கிருந்து வந்தவை என்று தலையில் தேடினால், இரண்டு காதுக்கு மேலேயும், அவள் ரப்பர் போட்டிருந்த அதே இடங்களில், கட்டைவிரல் நீளத்துக்கு முடி குத்திட்டு நின்றது.