குளக்கரையில் காணி வாங்க முன்: வன்னியில் அடிக்கடி விடுகிற தவறுகள்

வவுனியாவில் வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம் பக்கமும், கிளிநொச்சியில் இரணைமடுச் சந்தி, அறிவியல் நகர், கனகாம்பிகைக்குளம் பக்கமும் காணி தேடுவோர் பலர். பட்டினத்தில் கந்தோர், ஏ9 வீதியில் பஸ், பின்னேரத்தில் குளத்துக் காற்று என்று மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் யாருக்குத்தான் மனம் வராது? ஆனால் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டிய பிறகுதான் பலருக்குத் தாங்கள் வாங்கியது குளத்தின் எந்தப் பக்கம் என்பது விளங்குகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

ஆவணியில் பார்த்து முற்பணம் கொடுப்பது

நம்முடைய குளங்கள் ஒரு பக்கம் மட்டும் கட்டுப் போட்டவை. கட்டுக்குப் பின்னால் துருசு என்ற மதகு, வாய்க்கால், வயல். எதிர்ப்பக்கம் அலைகரை. அங்கே கட்டும் இல்லை, மதிலும் இல்லை. மழை பெய்யப் பெய்யத் தண்ணீர் மெல்ல மெல்ல மேலேறி வரும். விறாந்தையில் இருந்தபடி நேரே தண்ணீர் தெரிகிறது என்றால் அந்தக் காணி பெரும்பாலும் அலைகரைப் பக்கத்தில்தான் இருக்கும். பார்வைக்கு மிக அழகான பக்கமும் அதுதான், தண்ணீர் தேடி வருகிற பக்கமும் அதுதான்.

ஆவணி, புரட்டாதியில் குளம் சுருங்கிக் கிடக்கும். தண்ணீர் விளிம்பு காணி வேலியிலிருந்து முந்நூறு அடி தள்ளித் தெரியும். தரகர் உங்களைக் கூட்டிக்கொண்டு போவதும் அந்த மாதங்களில்தான். வன்னி நிலம் மிகத் தட்டையானது என்பதை அப்போது யாரும் நினைப்பதில்லை. இருநூறு அடிக்கு ஓரடி சரிவுள்ள நிலத்தில் குளத்து நீர்மட்டம் இரண்டடி உயர்ந்தால் தண்ணீர் விளிம்பு நானூறு அடி உள்ளே வந்துவிடும். இரணைமடுக் குளம் புனரமைக்கப்பட்டபோது அதன் முழு நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டது. ‘எங்கட அப்பு காலத்திலும் இதுவரைக்கும் தண்ணி வந்ததில்லை’ என்று ஊரவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவருடைய அப்பு பார்த்தது 34 அடிக் குளம்.

செய்ய வேண்டியது இதுதான். பதிவுபெற்ற நில அளவையாளரைப் பிடித்து, குளத்தின் வான் மட்டத்திலிருந்து, அதாவது நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் இடத்தின் மட்டத்திலிருந்து, காணி வரை மட்டம் கொண்டுவரச் சொல்லுங்கள். குளத்தின் முழு நீர்மட்டத்தையும், உச்ச வெள்ள மட்டத்தையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள். சிறிய குளமென்றால், அதாவது 200 ஏக்கருக்குக் குறைவான வயலுக்கு நீர் பாய்ச்சுவதென்றால், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தில் கேட்க வேண்டும். வீட்டுத் தளம் உச்ச வெள்ள மட்டத்துக்கு மேல் குறைந்தது இரண்டடியாவது நிற்க வேண்டும். அதற்கு எவ்வளவு கிரவல் பறிக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த காணி சில வேளை மேட்டுக்காணியின் விலையைத் தாண்டிவிடும். குளத்தின் ஒதுக்கு எல்லைக் கல் எங்கே என்பதையும் அதே நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒதுக்கு நிலம் அரச நிலம். அதில் எவ்வளவு நல்ல வீடு கட்டினாலும் அது உங்களுடையதாகாது.

அளவையாளர் வர முன்பே மரங்கள் பாதி சொல்லிவிடும். மருது வரிசையாக நின்றால் அங்கே தண்ணீர் நடமாட்டம் உண்டு. பாலையும் வீரையும் நின்றால் பெரும்பாலும் மேடு. கோரைப்புல் முளைத்த நிலத்தில் நிலநீர் மேலே நிற்கிறது. கம்பி வேலியில் காய்ந்த செத்தை ஒட்டியிருந்தால், அது எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு தடவை மார்கழியில் போய்ப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கட்டுக்குப் பின்னால் வாங்குவோருக்கு வேறு கவலை: வான் பாயும் வழி. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கனகராயன் ஆற்றோரமும், வான் வாய்க்கால் ஓரமும் எட்டு மாதம் காய்ந்து கிடப்பதால் அது வாய்க்கால் என்பதே மறந்துபோகும். சிலர் அதை நிரவி மதிலும் கட்டிவிடுகிறார்கள். வவுனியாப் பக்கத்தில் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடராக இருப்பதால், மேல் குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் குளத்துக்குத்தான் வரும். ஆகவே உங்கள் குளத்தை மட்டும் விசாரிப்பது போதாது, அதற்கு மேலேயுள்ள குளத்தின் கட்டு எப்படி இருக்கிறது என்றும் விசாரியுங்கள். இதற்குக் கமக்காரர் அமைப்பின் தலைவரைவிட நல்ல ஆள் கிடையாது. எந்த வருடம் எங்கே உடைத்தது, எங்கே மண்மூட்டை அடுக்கினார்கள் என்று அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

பேர்மிற் காணியை உறுதிக்காணி என்று நம்புவது

வன்னியில் பெரும்பகுதி தனியார் உறுதியுள்ள காணியல்ல, அரசு வழங்கிய குடியேற்றத் திட்டக் காணி. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் முதலில் அனுமதிப்பத்திரம் (பேர்மிற்), பிறகு அளிப்புப் பத்திரம் என்று வழங்கப்பட்டவை. அனுமதிப்பத்திரம் உள்ளவர் காணியை விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் உள்ளவர் விற்கலாம், ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முதலிலேயே கிடைத்திருக்க வேண்டும். சம்மதமில்லாமல் எழுதிய உறுதி செல்லாது. ‘பிறகு எடுத்துத் தாறன்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள். இன்னொன்று: அளிப்பில் குறித்திருக்கும் மிகக் குறைந்த அளவுக்குக் கீழே அந்தக் காணியைப் பிரிக்கவும் முடியாது. அரை ஏக்கர் அளிப்புக் காணியில் ‘ரெண்டு பரப்பு மட்டும் தாறன்’ என்றால் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வீடு நல்ல கல்வீடாக இருப்பதால் காணியும் சுத்தமென்று எண்ணுவது இங்கே மிகச் சாதாரணம். போருக்குப் பின் வீட்டுத் திட்டங்களில் கட்டிய வீடுகள் பல அனுமதிப்பத்திரக் காணிகளில்தான் நிற்கின்றன. வீட்டுக்குக் கிடைத்த உதவிக் கடிதம் காணி உரித்துப் பத்திரம் ஆகாது. பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரைச் சந்தித்து, பேரேட்டில் யார் பெயர் இருக்கிறது, பின்னுரித்தாளியாக (அவருக்குப் பின் காணியைப் பெறுபவராக) யார் குறிக்கப்பட்டிருக்கிறார் என்று பாருங்கள். கிராம அலுவலர் தரும் குடியிருப்பு உறுதிப்படுத்தல் கடிதம் ஆள் அங்கே இருக்கிறார் என்பதை மட்டும்தான் சொல்லும்.

வயல் நிரப்பி மேடாக்கிய துண்டு என்றால் கமநல சேவை நிலையத்தின் வயற்காணிப் பதிவேட்டையும் பாருங்கள். கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் வயலை நிரப்ப முடியாது. அந்த அனுமதி இல்லாத காணியில் பிரதேச சபை கட்டட அனுமதி தரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

கையெழுத்து ஒன்று போதுமென்பது

உறுதிக்காணியானால் தோம்பு, அதாவது காணிப் பதிவகத்தின் பதிவேடு, பார்க்க வேண்டும், முப்பது வருடத்துக்குக் குறையாமல். ஈடு, குத்தகை, வழக்குப் பதிவு எல்லாம் அதில்தான் தெரியும். உறுதியில்லாமல், பத்து வருடம் காணியை ஆண்டு வந்ததை (ஆட்சி) உரித்தாகக் காட்டி விற்பவர்களிடம் மிகக் கவனமாக இருங்கள். இடம்பெயர்ந்து போய்ச் சட்ட நடவடிக்கை எடுக்க முடியாதிருந்த உரிமையாளர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் வழக்குத் தொடர 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. அப்படித் தொடர்ந்த வழக்கு ஏதும் காணிமேல் நிற்கிறதா என்று உங்கள் சட்டத்தரணி பார்க்க வேண்டும். அரச காணிக்கோ, குள ஒதுக்குக்கோ எத்தனை வருடம் இருந்தாலும் ஆட்சியுரிமை வராது.

விற்பவர் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்டவரானால் மூன்று விடயம். கலியாணத்துக்குப் பின் வாங்கிய காணி தேடியதேட்டம், அதில் கணவன் மனைவி இருவருக்கும் பங்குண்டு. ஒருவர் இறந்திருந்தால் பிள்ளைகளுக்கும் பங்கு இறங்கியிருக்கும். மனைவியின் சீதனக் காணியை அவர் விற்கும்போது கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பிரிக்காத பங்குக் காணியென்றால் அதை முதலில் வாங்கும் உரிமை, அதாவது முன்வாங்கல் உரிமை, மற்றப் பங்காளிகளுக்கு உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் உங்களுக்கு எழுதினால், பிறகு அவர்கள் நீதிமன்றம் போகலாம். கனடாவில் ஒரு பங்காளி, பிரான்சில் ஒருவர் என்று இருப்பது நம்மிடையே வழமை. தொலைபேசியில் ‘சரி’ என்றது சம்மதமல்ல.

அற்றோணித் தத்துவத்தில், அதாவது உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தில், ஒருவர் விற்க வந்தால், தத்துவம் பதியப்பட்டிருக்கிறதா, அதில் விற்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா, கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்ற மூன்றையும் கேளுங்கள். கொடுத்தவர் இறந்த கணமே தத்துவம் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வாங்குவோருக்கும் ஒன்று: இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட்டு இரட்டைக் குடியுரிமை எடுக்காதவர் பெயரில், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி, காணி எழுத முடியாது. தங்கை பெயரில் எழுதி வைத்துப் பிறகு குடும்பம் உடைந்த வீடுகள் குறைவில்லை. முதலில் இரட்டைக் குடியுரிமையை எடுங்கள், பிறகு காணியைத் தேடுங்கள்.

முற்பணம் கொடுத்து வெள்ளைத்தாளிலோ முத்திரை ஒட்டிய கடிதத்திலோ எழுதி வாங்குவதை விட்டுவிடுங்கள். காணி விற்பதாகத் தரும் வாக்குறுதி கூட நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். உறுதி முடிக்கும்போது முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம் என்று ஒதுக்கி வையுங்கள். தீர்வையைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதினால், மதிப்பீட்டில் பிடிபடும்போது மிகுதியைக் கட்ட வேண்டி வரும். வங்கிக் கடன் எடுக்கப் போனாலும் அந்தக் குறைந்த தொகை எதிரே வந்து நிற்கும்.

மண்ணைத் தோண்டிப் பாராமல் அத்திவாரம் போடுவது

இது வன்னிக்கே உரிய பிரச்சினை. அந்த இடம் கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிறகே மண்வெட்டி எடுங்கள். இரும்புத் துண்டு ஏதும் தட்டுப்பட்டால் தொடாமல் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். அடுத்தது மூடிய பதுங்கு குழிகள். மேலே புல் முளைத்துச் சமதரையாகத் தெரியும். உள்ளே கொட்டிய மண் ஒருபோதும் இறுகியிருக்காது. ஒவ்வொரு மாரியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இரண்டாம் வருடம் யன்னல் மூலையிலிருந்து படிப்படியாக வெடிப்பு ஓடும். பூசிப் பூசி மறைத்தாலும் திரும்ப வரும். வீடு வரப்போகும் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்தடி ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். கலங்கிய மண்ணோ, அழுகிய மரக்குற்றியோ, உரப்பையோ வந்தால் அது நிரப்பிய குழி. இயற்கை மண் வரும்வரை எடுத்துவிட்டு, ஆறங்குலத்துக்கு ஒரு படையாகக் கிரவல் போட்டு, நனைத்து இடித்து வர வேண்டும்.

கட்டிய வீட்டை வாங்குவோர் அந்த மூலைகளை வெளிச்சத்தில் தடவிப் பாருங்கள். புதுப் பூச்சு ஒரே ஒரு மூலையில் மட்டும் இருந்தால் காரணம் கேளுங்கள். குளத்தின் தாழ்பக்கக் கருங்களி மண் கோடையில் பிளந்து மாரியில் ஊதும். அதில் சாதாரணக் கல் அத்திவாரம் போதாது, கம்பி போட்ட கொங்கிறீற்றுப் பட்டி வேண்டும்.

மலசலகூடக் குழியும் இதனோடு சேர்ந்தது. மார்கழியில் நாலடி ஆழக் குழி ஒன்று வெட்டி ஒரு நாள் விடுங்கள். தண்ணீர் ஊறி நின்றால் அங்கே ஊறுகுழி வேலை செய்யாது, மாரி முழுக்கத் திரும்பி வரும். மூடிய தொட்டி கட்டி, ஊறும் பகுதியை நிலத்துக்கு மேலே உயர்த்த வேண்டும். கிணற்றிலிருந்து ஐம்பதடிக்குக் குறையக்கூடாது. அயல்வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள்.

குளம் பக்கத்தில் இருந்தால் நல்ல தண்ணீர் என்பது

குளத்தருகே கிணறு ஊறும், அது உண்மை. ஆனால் குளம் வற்ற அதுவும் இறங்கும். 2017 வரட்சியில் எத்தனை முழம் தண்ணீர் நின்றது என்று அயலில் கேளுங்கள். வவுனியாப் பக்கத்துப் பாறை நிலத்தில் புளோரைட்டும் கடினத்தன்மையும் பெரிய விடயம். சிறுநீரக நோய் பேசப்படும் மாவட்டம் அது. இலங்கை நியமம் புளோரைட்டுக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது, தண்ணீர் ஆவியாக அதன் செறிவு கூடத்தான் செய்யும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் விலை பேச முன்பே சோதியுங்கள். குழாய்நீர் இணைப்பு அந்த ஒழுங்கைக்கு வந்துவிட்டதா என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

பாதையையும் பயணத்தையும் கடைசிக்கு விடுவது

குளக்கட்டு வீதி பராமரிப்புக்கானது. வாகனம் போக விடுவதும் தடுப்பதும் திணைக்களத்தின் கையில் உண்டு. வீட்டுக்கு வேறு பாதை உறுதியிலும் வரைபடத்திலும் இருக்க வேண்டும், அகலம் எண்ணில் எழுதியிருக்க வேண்டும். ‘அந்த வளவுக்குள்ளால போகலாம்’ என்பது அந்த வளவுக்காரர் விற்கும்வரைதான்.

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 65 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. ஏ9 வீதியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. ரயிலும் 2014 முதல் யாழ்ப்பாணம் வரை ஓடுகிறது. நேரத்தைத் தின்பது ஏ9 இலிருந்து குளக்கரை வரையான மூன்று, நாலு கிலோமீற்றர்தான். மாரியில் காலை ஆறு மணிக்கு அந்தக் கிரவல் பாதையில் மோட்டார்சைக்கிளில் ஒரு தடவை ஓடிப் பாருங்கள். பின் இருக்கையில் வெள்ளைச் சீருடையோடு பிள்ளையும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடுங்கள். இருட்டிய பிறகு திரும்பி வந்தும் பாருங்கள்: வீதி விளக்கு உண்டா, கடைசி மின்கம்பம் எங்கே நிற்கிறது, யானை இறங்கும் பக்கமா என்று. புதிதாக மின்கம்பம் நட வேண்டி வந்தால் செலவு உங்களுடையது. ஆகவே மின் விநியோக நிறுவனத்தின் மதிப்பீட்டுக் கடிதம் கைக்கு வந்த பிறகே விலையை முடிவு பண்ணுங்கள்.