உங்கள் ஊரின் கணக்கு எங்கே இருக்கிறது?

சொந்த ஊரில் எத்தனை பேர், எத்தனை வீடு, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எவ்வளவு என்று தேடினால் கூகுளில் ஆளுக்கொரு எண் வரும். நேராக இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தளத்துக்குப் போய், 2011-க்கான மாவட்டக் கையேட்டைப் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். ‘அ’ பகுதியில் பள்ளி, குடிநீர், பேருந்து வசதி. ‘ஆ’ பகுதியில் ஊர்வாரியாகத் தலைக்கணக்கு. இலவசம்தான்.

ஒரு சிக்கல் உண்டு. அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள்தான். அதனால் தென்காசிக்காரர்கள் திருநெல்வேலியிலும், ராணிப்பேட்டைக்காரர்கள் வேலூரிலும் தேட வேண்டும். ஊர்ப் பெயரும் ஆங்கிலத்தில் விதவிதமான எழுத்தில் இருக்கும். அப்படியும் கிடைக்கவில்லையா? கணக்கு வருவாய் கிராமப்படி என்பதால், சின்னக் குக்கிராமங்கள் தாய்க்கிராமத்தின் பெயரில் ஒளிந்திருக்கும். பட்டாவில் எந்தக் கிராமம் என்று போட்டிருக்கிறதோ, அதைத் தேடிப் பாருங்கள்.