நாரையும் வேண்டும், ஏரியும் வேண்டும்

வேடந்தாங்கலில், தூரத்தில் இருப்பதை அருகே இழுக்கும் 400 மி.மீ. லென்ஸில் எடுத்த மஞ்சள் மூக்கு நாரைப் படங்கள் எதிலும் மனசு ஒட்டவில்லை. பறவை மட்டும்தான் இருந்தது, ஏரி இல்லை. அடுத்த முறை, இன்னும் அகலமாகக் காட்டும் 100 மி.மீ.க்கு இறங்கினேன். தண்ணீரில் நிற்கும் மரம், கூடு, வானம் எல்லாம் வந்தன. ஆனால் நாரையின் உடம்பு சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்துப்போனது. பறவை சிறிதானதும், கேமரா கரும்பச்சை மரத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. கேமரா கணிக்கும் வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1-க்குக் கொண்டுபோனேன். சரியாகிவிட்டது. இறகின் வரிகளும் வாலருகே அந்த இளஞ்சிவப்பும் அப்படியே நின்றன. இருண்டுபோன மரத்தை அப்புறம் ரா ஃபைலில் (கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு) கொஞ்சம் வெளிச்சம் தூக்கிக்கொண்டேன். கரையை விட்டு மட்டும் இறங்கவே இல்லை. நாம் நெருங்கித் தாய்ப்பறவை எழுந்துவிட்டால் குஞ்சுகள் வெயிலில் வாடும்.